கல் மாற்றிய நேரம்

என் கணவர் அந்த லைட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அது பாகம் பாகமாகக் கழற்றப்பட்டு ஒரு கைக்குட்டையில் முடிந்திருந்தது. ஆனால் அவர் அதைக் கொண்டுவந்ததே அன்று எனக்குத் தெரியாது. அவர் வாசலில் நின்ற விதம் மட்டும்தான் கண்ணில் பட்டது. செருப்பைக் கழற்றவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை.

"சார் போயிட்டாரு" என்றார்.

"எங்க போயிட்டாரு? மெட்ராசுக்கா?"

"ஆத்தோட."

எண்பதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம் அது. பென்னாகரத்தில் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் குடியிருந்தோம். கல்யாணமாகி மூன்று வருஷம், குழந்தை இல்லை. நான் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர், கருங்கல் பாறைகளை அளந்து பார்க்க வந்திருந்த ஒரு தனியார் கம்பெனிக்கு ஜீப் ஓட்டினார். அந்தக் கம்பெனியின் இன்ஜினியரைத்தான் 'சார்' என்றார்.

இன்ஜினியருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். குடும்பத்தை மெட்ராசில் விட்டுவிட்டு இங்கே தனியாக ஒரு வீடு எடுத்துத் தங்கியிருந்தார். சுங்கான் பிடிப்பார். பீடியும் சுருட்டும் பார்த்த ஊருக்கு அது புதிது. கடைத்தெருவில் அவருக்குப் 'பைப்பு சார்' என்றே பெயர். அதிகம் பேசமாட்டார். என் கணவர் அவரைவிட இருபது வயது இளையவர், இருந்தும் இன்ஜினியர் அவரை ஒருநாளும் ஒருமையில் அழைத்ததில்லை. "டிரைவர், கிளம்பலாமா?" என்றுதான் கேட்பார்.

ஒகேனக்கல்லுக்குக் கொஞ்சம் மேலே, அக்கரைப் பாறையைப் பார்க்க இன்ஜினியர் பரிசலில் போனார். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்துகொண்டிருந்தது. என் கணவர் கரையில் நின்றார். பரிசல் சுழன்று, இந்தப் பக்கத்துப் பாறையில் முட்டிக் கவிழ்ந்தது. இன்ஜினியர் ஒரே ஒரு தடவை தலைக்குமேல் கையைத் தூக்கினார், அப்புறம் காணவில்லை. போலீசிடம் என் கணவர் சொன்னது இது. என்னிடம் சொன்னதும் இதுவேதான். பரிசல்காரர் வெகுதூரம் தள்ளிப் போய் ஒரு மரத்து வேரைப் பிடித்துப் பிழைத்துக்கொண்டார். பரிசல் சுத்தினது மட்டும் தெரியும், மற்றது எதுவும் தெரியாது என்று அவர் சொல்லிவிட்டார். அதனால் என் கணவர் சொன்னதை வைத்துத்தான் தேடினார்கள். மூன்று நாள் அந்தப் பாறையைச் சுற்றியே தேடினார்கள். ஆறு அங்கே பல கிளையாகப் பிரிந்து ஓடும். ஆறாம் நாள், யாரும் தேடாத வேறொரு கிளையில், ஆடு மேய்க்கிறவர்கள் உடலைப் பார்த்துச் சொன்னார்கள். பார்க்கக்கூடிய நிலையில் இல்லை. மெட்ராசிலிருந்து வந்திருந்த இன்ஜினியரின் மனைவியை உறவுக்காரர்கள் கிட்டேயே விடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, ட்ரங்குப் பெட்டியில் துணி அடுக்கும்போது அந்தக் கைக்குட்டை முடிச்சு கையில் இடறியது.

அவிழ்த்துப் பார்த்தேன். எவர்சில்வர் உறை ஒன்று. அதற்குள் செருகுகிற உள்கூடு. ஒரு குட்டி ஸ்பிரிங், அதன் நுனியில் ஸ்குரூ. கறுத்துப்போன பஞ்சு, கருகிய திரி. இன்ஜினியரின் கையில் அதைப் பார்த்திருக்கிறேன். சாதாரண சிகரெட் லைட்டர் மாதிரி இல்லை. காற்றை மறைக்கிற தகட்டில் இரண்டு பக்கமும் வட்டமாக ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையைச் சுங்கானின் வாயில் கவிழ்த்து வைத்து அவர் உறிஞ்சும்போது தீ மேலே போகாமல் புகையிலைக்குள் வளைந்து இறங்கும்.

ஞாபகத்துக்காக இதை என் கணவருக்குக் கொடுத்திருப்பார்கள், பிரித்துவிட்டுத் திரும்ப மாட்டத் தெரியாமல் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். சரிசெய்து கையில் கொடுத்தால் மனசு கொஞ்சம் தேறும் என்றும் நினைத்தேன். அந்த இரண்டு வாரமும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு அது கஷ்டமான வேலையும் இல்லை. இன்ஸ்டிடியூட்டில் சனிக்கிழமைதோறும் மிஷின்களைத் துடைப்பது என் பொறுப்பு. ரிப்பன் மையும் தூசியும் சேர்ந்து எழுத்துகளின் வயிற்றில் அடைத்துக்கொள்ளும். பிரஷ் போட்டுத் தேய்த்து, குண்டூசியால் நோண்டி எடுக்க வேண்டும். அதே பிரஷ்ஷையும் ஊசியையும் கொண்டுவந்தேன். தினத்தாள் விரித்து உட்கார்ந்தேன். தீப்பொறிக் கல் நிற்கிற குழாய்தான் அடைத்திருந்தது. பழைய கல் பொடிந்து, ஈரம் பட்டுக் கெட்டியாகி, சிமெண்டு போட்ட மாதிரி உள்ளே பிடித்துக்கொண்டிருந்தது. சுரண்டச் சுரண்டச் சாம்பல்நிறத் தூள் கொட்டியது. சக்கரத்தின் பல்லிடுக்கில் புகையிலைப் பிசின் ஏறியிருந்தது. பெட்ரோலில் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்தேன். திரியை இடுக்கியால் கொஞ்சம் மேலே இழுத்து, கருகின நுனியைக் கத்தரித்தேன். பழைய பஞ்சை எடுத்துவிட்டு மருந்துக்கடைப் பஞ்சை அடைத்தேன். பஞ்சு நனைகிற அளவுக்கு மட்டும் பெட்ரோல் சொட்டினேன். பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில் லைட்டர் கல் கிடைத்தது. கல்லைப் போட்டு, ஸ்பிரிங்கைச் செருகி, ஸ்குரூவை முடுக்கினேன். எல்லாம் முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவினேன். பெட்ரோல் கையோடு சக்கரத்தைச் சுற்றக் கூடாது.

அன்று சாயங்காலம் அவர் உள்ளே வந்தபோது, "இங்க பாருங்களேன்" என்று சொல்லிக் கட்டைவிரலால் சக்கரத்தைச் சுண்டினேன். ஒரே சுண்டில் பற்றியது.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். தீயை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். பிறகு அழுதார். அந்த மனுஷன் அழுது அதுவரை நான் பார்த்ததில்லை.

"நானும் பரிசல்ல போவ வேண்டியவன்" என்றார். "ஏறுறதுக்கு முன்னால சார் பைப்ப வாயில வெச்சுக்கிட்டு நாலஞ்சு தடவ சுண்டுனாரு, பத்தல. 'டிரைவர், நீங்க வர வேணாம், நான் வர்றதுக்குள்ள இதுக்குக் கல்லு மாத்தி வைங்க'ன்னு என் கையில குடுத்துட்டு ஏறிட்டாரு. நான் பாறை மேல ஒக்காந்து கழட்டினேன். பழைய கல்லு கொழாய்ல சிக்கிக்கிச்சு. முள்ளு வெச்சு நோண்டுனேன். சார் குடுத்த புதுக் கல்லு மணல்ல வுழுந்திருச்சு. அதத் தேடிக்கிட்டு இருந்தேன். அருவிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. நிமுந்து பாத்தா, ஆத்துல ஒண்ணுமே இல்ல."

"அப்ப, கையத் தூக்குனாருன்னு சொன்னீங்களே?"

"நான் பாக்கல."

"பாறையில முட்டுனது?"

"எதுவுமே பாக்கல. 'கரையில நின்னவன் நீதான, எங்க கவுந்துச்சு சொல்லு'ன்னு கேட்டாங்க. பாக்கலன்னு சொல்ல வாய் வரல. பக்கத்துல ஒரு பாறை இருந்துச்சு, அதக் காட்டிட்டேன்."

நான் லைட்டரின் மூடியை மூடினேன். அந்தச் சின்னச் சத்தத்துக்கே அவர் உடம்பு தூக்கிப்போட்டது.

அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இல்லை. எனக்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. காலையில் சவரம் செய்துகொண்டிருப்பார், நடுவில் நிறுத்தி "இதோ வந்துட்டேன் சார்" என்பார். சொன்னதே அவருக்குத் தெரியாது. வேலைக்குப் போகும் வழியில் என்னை ஜீப்பில் இன்ஸ்டிடியூட் வாசலில் இறக்கிவிடுவார். நான் இறங்கினதும் சுற்றிவந்து இடதுபக்கக் கதவைத் திறப்பார். ஓர் ஆள் ஏறி உட்காருகிற நேரம் காத்திருப்பார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, பிறகுதான் வண்டியை எடுப்பார். டைப் அடிக்க வந்த பெண்கள் ஜன்னலில் நின்று பார்ப்பார்கள். ஒருத்தி என்னிடம், "அக்கா, அண்ணன் யாருக்குக் கதவு தெறக்கறாரு?" என்று கேட்டாள். பேப்பரை நேராகப் போடு என்று அவளை அதட்டினேன்.

தினமும் இருட்டுவதற்கு முன் என்னைக் கேட்பார்: "பத்துதா?"

நான் லைட்டரைச் சுண்டிக் காட்டுவேன். பற்றினால் சாப்பிட உட்காருவார். பற்றவில்லை என்றால் தட்டைத் தொடமாட்டார். இரண்டு முறை அப்படி ஆனது. பெட்ரோல் லைட்டரை யாரும் தொடாவிட்டாலும் உள்ளே வறண்டுபோகும். ஒரு வாரம் விட்டால் பஞ்சு காய்ந்துவிடும். கல்லை அப்படியே விட்டால் மறுபடி பொடிந்து குழாயை அடைக்கும். எனவே ஞாயிறுதோறும் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் தாள் விரித்து, எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, பெட்ரோல் விட்டு மாட்டுவேன். எங்கள் வீட்டில் யாரும் புகை பிடிப்பதில்லை. இறந்துபோன ஒருவருக்கு வேளை தவறாமல் தீனி வைக்கிற மாதிரி அது எனக்குப் பட்டது. ஒருநாள் சக்கரத்தைத் தேய்க்கும்போது பெட்ரோல் வாடையை மீறி இனிப்பான புகையிலை மணம் அறையில் நின்றது. சக்கரத்தில் இருந்த பிசினின் மணம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நாலு மாதமாக நான் தேய்த்த சக்கரத்தில் பிசின் ஏது?

"பாவசங்கீர்த்தனம் பண்ணிடுங்களேன்" என்று ஒருமுறை சொன்னேன்.

"சாமியார் மன்னிச்சுடுவாரு. பொய் சொன்னது சாமியார்கிட்டயா?" என்றார்.

கல்லறைத் திருநாளன்று எல்லோரும் தங்கள் குடும்பத்துக் கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். நான் பொதுச் சிலுவையடியில் இன்ஜினியருக்காக ஒன்று ஏற்றினேன். அவர் நம் வேதக்காரர் இல்லை, இருந்தாலும் ஏற்றினேன். காற்றில் அது மூன்று முறை அணைந்தது.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கதவு திறந்திருந்தது. என் கணவர் நல்லம்பள்ளியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் தினத்தாளில் பாகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு குழாயைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. வெளிர்நிறச் சேலை, நெற்றி வெறுமை, கையில் ஒரு ரெக்ஸின் பை.

"டிரைவர் வீடு இதுதானேம்மா?" என்று கேட்டவர், நான் பதில் சொல்லுமுன் தாளில் இருந்ததைப் பார்த்துவிட்டார்.

யாரென்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே வந்து, நான் நாற்காலியைக் காட்டியும், என் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தார். வெளிக்கூட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இவ்ளோ பளபளன்னு நான் பார்த்ததே இல்லை" என்றார். "அவர் சுத்தமே பண்ணமாட்டார். சட்டைப்பை எல்லாம் கறுப்பாகும். இந்த நாத்தம் பிடிக்காம இதை நான் கையாலயும் தொட்டதில்லை."

"அவரு கல்லு மாத்தக் குடுத்தாருங்க. அப்படியே எங்ககிட்ட தங்கிடுச்சு. திருப்பிக் குடுத்திருக்கணும்" என்றேன்.

"இருக்கட்டும்மா. நான் இதுக்கு வரலை." தண்ணீர் வாங்கிக் குடித்தார். "உங்க வீட்டுக்காரரைப் பார்க்கத்தான் வந்தேன். எங்க வீட்டுக்காரர் முகத்தைக்கூட எனக்குக் காட்டலை. எல்லாரும் தூக்கத்துக்கு மாத்திரை போட்டுக்கச் சொல்றாங்க. எனக்கு மாத்திரை வேணாம். ராத்திரி கண்ணை மூடினா உங்க வீட்டுக்காரர் சொன்னதைத்தான் நினைச்சுக்கறேன். அவர் கையைத் தூக்கினார், கரையிலிருந்து ஒருத்தர் அதைப் பார்த்தார். கடைசி நிமிஷத்துல தனியா இல்லை. ஒரு மனுஷன் பார்த்துக்கிட்டு இருந்திருக்கார். அந்தக் கையை எப்படித் தூக்கினார்னு உங்க வீட்டுக்காரர் வாயால இன்னொரு தடவை கேட்கணும்."

அப்போது நான் சும்மா இருந்திருக்கலாம். என் கணவர் வந்து என்ன சொல்கிறாரோ சொல்லட்டும் என்று காபி போடப் போயிருக்கலாம். ஆறு மாதமாக அந்தப் பொய்யைத் துடைத்துத் துடைத்து என் விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. வாய் என்னை மீறிவிட்டது.

"அவரு பாக்கலீங்கம்மா" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கல் மணலில் விழுந்ததையும், கையைத் தூக்கியதாகச் சொன்னது பொய் என்பதையும், பக்கத்தில் இருந்த பாறையைக் காட்டியதையும்.  முடித்த பிறகு அந்த அம்மா, "அப்போ யாருமே பார்க்கலை" என்றார்.

"இல்லீங்க."

"யாருமே."

அவர் அழவில்லை. கையில் இருந்த கூட்டைத் தாளில் பழைய இடத்திலேயே வைத்தார். சாயங்காலம் என் கணவர் வந்து வாசலிலிருந்து அந்த அம்மாவைப் பார்த்தபோது, "எனக்குத் தெரியும், உங்க மனைவி சொல்லிட்டாங்க" என்று அவரே முந்திச் சொன்னார். என் கணவர் அவர் காலில் விழப் போனார். அந்த அம்மா காலை இழுத்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில என்னை அந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. நீங்க உட்கார்ந்திருந்த இடத்துக்கு."

அன்று எங்கள் வீட்டிலேயே தங்கினார். காலை முதல் பேருந்தில் மூன்று பேரும் போனோம். தை மாதத்து ஆறு, ஆடியில் பார்த்ததுபோல் இல்லை. தண்ணீர் வடிந்து பாறைகள் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தன. என் கணவர் பொய்யாகக் காட்டிய பாறை கரையை ஒட்டியே இருந்தது. உடல் கிடைத்த கிளை தூரத்தில், மறுபக்கத்தில். இரண்டுக்கும் நடுவில் இருந்த தூரத்தை அந்த அம்மா பார்த்தார், நாங்களும் பார்த்தோம். 

"இங்கதானா?"

"இங்கதாம்மா. இப்பிடித்தான் குனிஞ்சு ஒக்காந்திருந்தேன்."

அந்த அம்மா அதே பாறையில் உட்கார்ந்தார். என்னிடம் கை நீட்டினார். என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நான் அதைக் கொண்டுவந்திருந்தேன். உள்கூட்டை உருவி, ஸ்குரூவைக் கழற்றிக் கொடுத்தேன். "கல்லை எப்படிப் போடறது?" என்று கேட்டார். சொன்னேன். மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, பழைய கல்லைத் தட்டி எடுத்தார். நான் நீட்டிய புதுக் கல்லைப் போட்டார். ஸ்பிரிங் இரண்டு முறை துள்ளி விழுந்தது. மூன்றாவது முறை உட்கார்ந்தது. ஸ்குரூவை முடுக்கிவிட்டு நிமிர்ந்தார். ஆற்றைப் பார்த்தார்.

"இவ்ளோ நேரம்தானா?" என்றார்.

என் கணவர் தலையை ஆட்டினார்.

"இவ்ளோ நேரம்தான்" என்று தனக்குத்தானே இன்னொரு தடவை சொன்னார். எங்களை மன்னித்ததாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டவும் இல்லை. லைட்டரைப் பையில் வைத்துக்கொண்டார். "வாரம் ஒருதரம் பெட்ரோல் விடணுங்க, இல்லேன்னா காஞ்சிடும்" என்றேன். சரி என்றார். தர்மபுரிப் பேருந்தில் ஏறி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, எங்களைத் திரும்பிப் பார்க்காமல் போனார். அதன்பின் அவரை நான் பார்க்கவே இல்லை.

அந்த வாரமே என் கணவர், போலீசில் முதலில் சொன்னது தவறு என்று எழுதித் தர வேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல இன்ஸ்டிடியூட் மிஷினில் நானே அடித்தேன். 'நான் பார்க்கவில்லை' என்ற வரிக்கு வந்ததும் என் விரல் தவறித் தவறி மூன்று தாள் வீணானது. கையெழுத்துப் போட்டுக்கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டார்கள். கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று தினமும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்துக் காத்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. கோடையில் கம்பெனி வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டது. அரூரில் ஒரு பேருந்து முதலாளியிடம் அவருக்கு வேலை கிடைத்தது. குடிமாறிப் போனோம். அங்கே அவர் நன்றாகச் சாப்பிட்டார், தூங்கினார். யாருக்கோ பதில் சொல்வதும் நின்றுவிட்டது.

எனக்குத்தான் தூக்கம் போனது. அவருடைய பொய்யை நான் அவர் தலையிலிருந்து இறக்கிவிட்டேன், சரி. ஆனால் அந்தப் பொய்யைத்தான் ஒருத்தி ஆறு மாதமாகத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தாள். கேட்காமலேயே அதை உருவியவள் நான். இப்போது அந்த அம்மா கண்ணை மூடினால் என்ன பார்ப்பார்? யாருமற்ற ஆறு. அதைக் கொடுத்தது நான்.

அரூர் போன மறுவருஷம், பக்கத்து வீட்டுக்காரர்கள் தீர்த்தமலைக்குக் கிளம்பியபோது என்னையும் கூப்பிட்டார்கள், போனேன். பாதிப் படியில் எனக்கு முன்னால் வெளிர்நிறச் சேலையில் ஓர் அம்மா ஏறிக்கொண்டிருந்தார். அதே உயரம், அதே நடை. உடன் வந்தவர்களை விட்டுவிட்டு ஓடினேன். இப்போது தூக்கம் வருகிறதா என்று கேட்க வேண்டும், அது ஒன்றுதான் மனதில் இருந்தது. மூச்சு வாங்க அருகில் போய், "அம்மா" என்று கூப்பிட்டேன்.

திரும்பிய முகம் வேறு யாருடையதோ. நான் பேச முடியாமல் நின்றதைப் பார்த்து, வழி தெரியாமல் தவிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. "தீர்த்தத்துக்குத்தான? இப்பிடியே நேரா போம்மா" என்று மேலே கையைக் காட்டினார். சரிங்க என்று சொல்லிவிட்டு ஏறினேன்.